கோட்டா பாட்டிலும் சிவப்பு மையும்

திண்டுக்கல் வட்டாரத்தில் கல்யாணம், காதுகுத்து, கிடாவெட்டு என்று எது நடந்தாலும், சமையல்காரருக்கு அட்வான்ஸ் கொடுத்த கையோடு இன்னொரு வேலையும் ரகசியமாக நடக்கும். சொந்தபந்தத்தில் யார் ராணுவத்தில் ஓய்வு பெற்றவர், யாருடைய கார்டில் இந்த மாதக் கோட்டா மிச்சம் இருக்கிறது என்று விசாரிப்பார்கள். "மிலிட்டரி ரெண்டு கிடைச்சாப் போதும்" என்று சொன்னால் இங்கே யாரும் விளக்கம் கேட்பதில்லை. டாஸ்மாக் கடை கூப்பிடு தூரத்தில் இருந்தாலும் கேன்டீன் ரம்முக்கு இருக்கும் மவுசு தனி. கலப்படம் இல்லாதது, குளிருக்கு நல்லது, மறுநாள் தலைவலி வராது என்று அதற்கு ஒரு புராணமே உண்டு.

வேடசந்தூர், நிலக்கோட்டை, நத்தம், ஆத்தூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கேன்டீனுக்குப் பஸ் ஏறும் முன்னாள் படைவீரரின் சட்டைப் பையில் இரண்டு கார்டுகள் இருக்கும். ஒன்று மளிகைக்கு, மற்றது மதுவுக்கு. சோப்பு, பற்பசை, குக்கர், மிக்ஸி எல்லாம் முதல் கார்டில் முடியும். இரண்டாவது கார்டைப் போட்டால், அவர் எந்தப் பதவியில் ஓய்வு பெற்றாரோ அதற்கேற்ற மாத அளவுக்குள் பில் விழும். சிப்பாய்க்கு ஓர் அளவு, சுபேதாருக்கு ஓர் அளவு, அதிகாரிக்கு ஓர் அளவு. லேபிளில் பாதுகாப்புப் படையினருக்கு மட்டுமே என்று அச்சிட்டிருக்கும். வரிச் சலுகை இருப்பதால் வெளிக்கடையைவிட விலை குறைவு. கார்டுக்காரர் குடிக்காதவர் என்றால் சில நேரம் பாட்டில் கைமாறிவிடும். அது குற்றம்; மதுவிலக்கு அமலாக்கப் போலீசார் அவ்வப்போது பிடிக்கவும் செய்கிறார்கள்.

கைமாறும் பாட்டிலைப் பற்றிப் போலீஸ் கவலைப்படட்டும். கைமாறாமல் நேராக வீட்டுக்குப் போகும் பாட்டிலைப் பற்றித்தான் யாரும் கவலைப்படுவதாகத் தெரியவில்லை.

படைக்குள் மதுவைப் பார்க்கும் பார்வை கடந்த சில தலைமுறைகளில் பெரிதும் மாறியிருக்கிறது. ஒரு காலத்தில் அது ரேஷன். பிறகு, அளவு மீறினால் குற்றம். இன்று ராணுவ மருத்துவர்களின் பேரேட்டில் அது ஒரு நோய். ஆனால் சீருடையைக் கழற்றிவிட்டு 35, 40 வயதில் ஊர் திரும்பும் சிப்பாயோடு இந்த மாற்றத்தில் பாதிகூட வந்து சேரவில்லை. கார்டு மட்டும் வந்துவிட்டது.

கோட்டையிலிருந்து தொடங்கிய கதை

திண்டுக்கல்லுக்குப் படை புதிதல்ல. மலைக்கோட்டையில் நாயக்கர் படை இருந்தது. 1755இல் மைசூரின் பௌஜ்தாராக வந்த ஹைதர் அலி, பிரெஞ்சுக்காரர்களின் உதவியோடு இங்கே ஆயுதச் சாலை அமைத்தார். அவர் மகன் திப்பு சுல்தான், வருவாய் போனாலும் பரவாயில்லை என்று தன் நாட்டில் மதுவை ஒழிக்க முயன்றவர். அந்த ஆண்டுகளில் திண்டுக்கல் அவர் ஆட்சியில்தான் இருந்தது. 1790இல் கோட்டையைப் பிடித்த கிழக்கிந்தியக் கும்பினிப் படையின் வழக்கமோ நேர் எதிர். ஐரோப்பியச் சிப்பாய்க்குச் சாராயம் தினப்படிகளில் ஒன்று. வெயிலும் காய்ச்சலும் வேலையில்லாப் பொழுதும் நிறைந்த முகாம் வாழ்க்கையில் அவனை அடக்கி வைக்க அதுவே மலிவான வழி என்று கும்பினி அதிகாரிகள் கருதினார்கள்.

விளைவை அவர்களே அனுபவித்தார்கள். ராணுவ மருத்துவமனைகள் ஈரல் நோயாளிகளால் நிரம்பின. தண்டனைப் பதிவேடுகள் குடிபோதைக் குற்றங்களால் நிரம்பின. 1862இல் ஆக்ராவில் கிரெக்சன் என்ற பாதிரியார் சிப்பாய்களுக்காக மதுத் தவிர்ப்புச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். 1888இல் இந்தியாவின் தலைமைத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், சிதறிக் கிடந்த இத்தகைய சங்கங்களை ஒரே குடையின்கீழ் கொண்டுவந்தார். ரெஜிமென்ட்டுக்குள் தேநீரும் காபியும் செய்தித்தாளும் கிடைக்கும் அறைகள் திறக்கப்பட்டன. குடிக்காத சிப்பாய்க்குப் பதக்கமும் உண்டு. தளபதியின் கணக்கு எளிமையானது: குடிக்காதவன் குறைவாக நோயில் விழுகிறான், குறைவாகத் தண்டனை வாங்குகிறான், ஆகவே போருக்கு அதிகம் உதவுகிறான்.

அதே காலத்தில் மறுபக்கம் மதுத் தொழிலும் படையை நம்பியே வளர்ந்தது. இமயமலை அடிவாரத்தில் கசௌலியில் டயர் என்பவர் வெள்ளைச் சிப்பாய்களுக்காக பீர் வடிக்கத் தொடங்கினார். ஜாலியன்வாலா பாக்கில் சுடச் சொன்ன ஜெனரல் டயர் அவருடைய மகன்தான். அந்த வடிசாலையின் வழிவந்ததே பின்னாளைய மோகன் மீக்கின் நிறுவனம். 1954இல் அது வெளியிட்ட ஓல்டு மாங்க் ரம், நாடு முழுக்க ராணுவக் கேன்டீன்களின் அடையாளமாகவே ஆனது. அதை நெடுங்காலம் நடத்தி 2018இல் காலமான கபில் மோகனும் ஒரு பிரிகேடியர். வெள்ளைக்காரச் சிப்பாய்க்காகத் தொடங்கிய ஏற்பாடு, சுதந்திர இந்தியாவின் சிப்பாயிடம் வரும்போது பெயர்தான் மாறியிருந்தது.

ஊருக்கு மதுவிலக்கு, முகாமுக்கு விலக்கு

1948ஆம் ஆண்டை இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அந்த ஆண்டில்தான் கேன்டீன் ஸ்டோர்ஸ் டிபார்ட்மென்ட், அதாவது சி.எஸ்.டி., இந்திய அரசின் துறையாகப் பிறந்தது. அதே ஆண்டில்தான் சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. 1937இல் ராஜாஜி சேலத்தில் தொடங்கி வைத்தது பதினோரு ஆண்டுகளில் எல்லா மாவட்டங்களையும் எட்டியது. ஆக, அன்று மதுரை மாவட்டத்தில் இருந்த திண்டுக்கல்லில் கள்ளுக்கடை மூடப்பட்ட காலமும், இந்த ஊர்ப் பையன் சேர்ந்த படையில் கேன்டீன் கதவு அகலத் திறந்த காலமும் ஒன்றே.

இந்த முரண் நீதிமன்றம் வரை போனது. பம்பாய் மாகாண மதுவிலக்குச் சட்டம் படையினரின் மெஸ், கேன்டீன், போர்க்கப்பல்களுக்கு விலக்குத் தந்திருந்தது. குடிமகனுக்குத் தடை, சிப்பாய்க்கு மட்டும் அனுமதி என்றால் சமத்துவம் எங்கே என்று பால்சரா வழக்கில் கேள்வி எழுந்தது. பம்பாய் உயர் நீதிமன்றம் அந்த விலக்கு செல்லாது என்றது. 1951இல் உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பி, விலக்கு செல்லும் என்று தீர்ப்பளித்தது. படையினருக்கென்று தனி மரபும் வாழ்முறையும் உண்டு. நீண்ட அனுபவத்தில் உருவான விதிகள் அவர்களைக் கட்டுப்படுத்துகின்றன. ஆபத்தையும் கடும் உழைப்பையும் எதிர்கொள்ளும் மனஉறுதியைக் காப்பதே அந்த விதிகளின் நோக்கம் என்பது தீர்ப்பின் சாரம்.

தீர்ப்பு சொன்ன காரணத்தைக் கவனிக்க வேண்டும். சிப்பாய்க்கு மது கொடுக்கலாம், ஏனென்றால் அவனைச் சுற்றி ஒழுங்கு இருக்கிறது. எப்போது குடிப்பது, எவ்வளவு, எங்கே, மறுநாள் எத்தனை மணிக்குப் பரேடு என்று எல்லாவற்றுக்கும் மேலே ஓர் அதிகாரி இருக்கிறார். அந்த ஒழுங்கு முகாம் வாசலோடு முடிந்துவிடுகிறது. ஓய்வு பெற்றவரின் வீட்டு வாசலில் பரேடு இல்லை, மணி இல்லை, அதிகாரியும் இல்லை.

மதுவிலக்கு நீடித்த கால் நூற்றாண்டில் 'மிலிட்டரி' ரம்முக்கு ஊரில் ஒரு தெய்வீக அந்தஸ்தே வந்துவிட்டது. ஊருக்குள் கள்ளச்சாராயம், லீவில் வருபவரிடமோ லேபிள் ஒட்டிய பாட்டில். தரமானது, சுத்தமானது என்ற நம்பிக்கை அன்று நியாயமானதாகவே இருந்திருக்கும். 1971இல் கருணாநிதி அரசு மதுவிலக்கைத் தளர்த்தியது. மறு ஆண்டு தி.மு.க.விலிருந்து வெளியேறிய எம்.ஜி.ஆர். அந்த முடிவைக் கடுமையாக எதிர்த்துப் பேசினார். அவருடைய புதிய கட்சி முதன்முதலாக வென்றது 1973 மே மாதம் நடந்த திண்டுக்கல் நாடாளுமன்ற இடைத்தேர்தலில். மறு ஆண்டு மதுவிலக்கு திரும்ப வந்தது, 1981இல் எம்.ஜி.ஆர். ஆட்சியிலேயே மீண்டும் தளர்ந்தது, 1983இல் டாஸ்மாக் பிறந்தது, 2003இல் சில்லறைக் கடைகளும் அதன் கைக்கு வந்தன. இத்தனை திருப்பங்களிலும் அசையாமல் நின்றது கேன்டீன் கவுன்ட்டர் ஒன்றுதான்.

மதுரை சாலையில், சின்னாளபட்டியை ஒட்டி, காந்திகிராமம் இருக்கிறது. 1947இல் டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் நிறுவிய இடம். அங்கே மாணவர்களுக்காக 'சாந்தி சேனை' என்ற அமைதிப்படையை ராமச்சந்திரன் உருவாக்கினார். அணிவகுப்பும் உண்டு, கட்டுப்பாடும் உண்டு. ஆயுதமும் மதுவும் மட்டும் கிடையாது. படைவீரனுக்கு வீரம் வரப் பாட்டில் வேண்டும் என்ற நம்பிக்கைக்கு எதிரான சாட்சி திண்டுக்கல்லின் கொல்லைப்புறத்திலேயே இத்தனை காலம் இருந்திருக்கிறது. ஈழத்தில் விடுதலைப் புலிகள் இயக்கமும் தன் போராளிகளுக்கு மதுவையும் புகையையும் தடை செய்திருந்தது. அந்த இயக்கத்தின் அரசியலை யார் எப்படி மதிப்பிட்டாலும், போர்முனையும் போதையும் பிரிக்க முடியாதவை என்ற வாதம் அங்கே பொய்த்தது.

சிவப்பு மை, பத்தாம் படிவம்

முகாமுக்குள் மது இரண்டு முகத்தோடு இருக்கிறது. ஒருபக்கம் பராகானா. அதிகாரியும் ஜவானும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் பெருவிருந்து. பெக் அளந்து ஊற்றப்படும். இன்னொரு பக்கம் 1950ஆம் ஆண்டின் ராணுவச் சட்டம். அதன் 48ஆவது பிரிவு, பணியில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் போதையில் காணப்படுவதே குற்றம் என்கிறது. அதிகாரியாக இருந்தால் பதவியே பறிபோகலாம். மற்றவர்களுக்கு இரண்டு ஆண்டு வரை சிறை.

பெரும்பாலும் விஷயம் ராணுவ நீதிமன்றம் வரை போவதில்லை. கமாண்டிங் ஆபீசர் முன் நிறுத்தப்பட்டு, தண்டனை எழுதப்பட்டு, சர்வீஸ் ஆவணத்தில் சிவப்பு மையில் ஒரு வரி ஏறும். ஜவான்களுக்குள் அது 'ரெட் இங்க்'. நான்கு சிவப்பு வரி சேர்ந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்பது நெடுநாள் நடைமுறை. 15 ஆண்டு முடித்தால்தான் சிப்பாய்க்கு ஓய்வூதியம். 13, 14 ஆண்டில் நான்காவது வரி விழுந்தவரின் நிலையை நினைத்துப் பாருங்கள். அவர் மட்டுமா தண்டனை அனுபவிக்கிறார்? 2015இல் உச்ச நீதிமன்றம் இதில் தலையிட்டது. நான்கு வரி விழுந்துவிட்டது என்பதற்காகவே ஒருவரை வெளியேற்றக் கூடாது. குற்றங்களின் தன்மை, எத்தனை ஆண்டு பணி, எவ்வளவு கடினமான இடங்களில் பணி என்பதையெல்லாம் எடைபோட வேண்டும் என்றது.

சிவப்பு மைக்கு மாற்றாக இன்னொரு காகிதம் உண்டு. படைவீரரை மனநல மருத்துவரிடம் அனுப்பும்போது அவருடைய கமாண்டிங் ஆபீசர் நிரப்ப வேண்டிய பத்தாம் படிவம். இவர் சமீபமாக எப்படி நடந்துகொள்கிறார், வேலையில் தடுமாறுகிறாரா, கூட இருப்பவர்களோடு எப்படி, குடி எவ்வளவு என்று எழுத வேண்டும். மருத்துவர் பார்த்து, மதுச் சார்பு நோய் என்று முடிவு செய்தால் ஜவான் வார்டில் சேர்க்கப்படுவார். சிகிச்சை முடிந்ததும் மருத்துவத் தரம் இறங்கும். முழுத் தகுதியைக் குறிக்கும் 'ஷேப்-1' என்று மார்தட்டிய ஆள், அந்தச் சொல்லின் முதல் எழுத்து குறிக்கும் மனநலப் பிரிவில் கீழிறங்கி, 24 வாரத்துக்குக் கண்காணிப்பில் இருப்பார். துப்பாக்கி ஏந்தும் பணி கிடைக்காமல் போகலாம், பதவி உயர்வு தள்ளிப்போகலாம். ஆனால் அவர் படைக்குள்ளேயே இருப்பார், சம்பளம் வரும், மறுபரிசோதனை வரும், தேறி மேலே ஏறவும் வழி உண்டு.

ஒரே ஆள், ஒரே குடி. மேசைமேல் இரண்டு காகிதங்கள். எதை எடுப்பது என்பது எதிரே உட்கார்ந்திருக்கும் அதிகாரியின் மனப்போக்கைப் பொறுத்தது. முந்தைய தலைமுறை அதிகாரி முதல் காகிதத்தை எடுக்கவே பழகியவர். இரண்டாவதை எடுக்கும் கை கூடிவருவதுதான் படைக்குள் வந்திருக்கும் உண்மையான மாற்றம்.

அந்த மாற்றம் ஒரு சுவரில் போய் முட்டுகிறது. உடற்குறைவு ஓய்வூதியத்துக்கான விதிகளில் ஒன்று இப்படிச் சொல்கிறது: மது, புகையிலை, போதைப்பொருள் ஆகியவற்றை அளவுமீறிப் பயன்படுத்தியதால் வரும் உடல்கேட்டுக்கோ மரணத்துக்கோ இழப்பீடு கிடையாது, ஏனென்றால் அது அவரவர் கட்டுப்பாட்டில் உள்ள விஷயம். அவரவர் கட்டுப்பாட்டில் உள்ளதென்றால், மருத்துவமனையில் அதை நோய் என்று எழுதியது ஏன்? முகாமில் அளந்து ஊற்றியதும், கார்டு போட்டுச் சலுகை விலையில் விற்றதும் யார்? ஒரு கையால் பாட்டிலையும் மறு கையால் இந்த விதியையும் நீட்டுவது நியாயம் ஆகாது. விதியை அடியோடு நீக்கச் சொல்லவில்லை. பனிமுனையிலும் கலவரப் பகுதிகளிலும் ஆண்டுக்கணக்கில் நின்றவருக்கு வந்த மதுச் சார்பையும், சாதாரண முகாமில் இருந்தவருடையதையும் ஒரே வரியில் தள்ளுபடி செய்யாமல், தனித்தனியாகப் பார்க்கவாவது வேண்டும்.

குளிருக்கு ரம்?

"அங்க இருக்கற குளிருக்கு இது இல்லாம முடியாது" என்ற வாக்கியத்தைக் கேட்டு வளராத ராணுவ வீடு கிடையாது. சியாச்சினில் 1984 ஏப்ரலில் இருந்து இந்தியப் படை நிற்கிறது. 2016 பிப்ரவரியில் அங்கே பனிச்சரிவில் பத்துப் பேரைப் பறிகொடுத்தது மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் 19ஆவது பட்டாலியன். அவர்களில் தமிழ்நாட்டு வீரர்களும் உண்டு. அத்தகைய இடங்களில் மனிதன் படும் பாட்டைச் சமவெளியில் உட்கார்ந்து எடைபோட யாருக்கும் தகுதி இல்லை.

ஆனால் மருத்துவம் சொல்வது வேறு. மது உள்ளே போனதும் தோலுக்கு அடியில் உள்ள ரத்தக்குழாய்கள் விரிகின்றன. உடம்பின் உள்சூடு தோலுக்கு வந்து வெளியே போகிறது. முகமும் கையும் கதகதப்பாகத் தெரியும்; உள்ளே இதயமும் நுரையீரலும் குளிர்ந்துகொண்டிருக்கும். நடுக்கம்கூடக் குறையும். அந்த நடுக்கம்தான் உடம்பு சூடு உண்டாக்கும் வழி. உயரமான இடத்தில் இன்னும் மோசம். பிராணவாயு ஏற்கெனவே குறைவு. மது தூக்கத்தில் மூச்சை மேலும் மந்தமாக்குகிறது, உடம்பின் நீரை வற்றச் செய்கிறது. ரம் கொடுத்தது சூட்டை அல்ல, மறதியை. பயத்தையும் தனிமையையும் ஒரு மணி நேரம் மறக்க அது உதவியது. மறக்க வேண்டிய விஷயங்கள் அங்கே இருந்தன என்பதை ஒப்புக்கொண்டால்தான் சிகிச்சையைப் பற்றிப் பேச முடியும்.

உலகப் படைகள் இந்தப் பாடத்தை வெவ்வேறு விலை கொடுத்துக் கற்றன. அமெரிக்கக் கடற்படை 1914இலேயே கப்பல்களில் மதுவைத் தடை செய்தது. பிரிட்டிஷ் கடற்படை மாலுமிகளுக்குத் தினம் ஒரு அளவு ரம் ஊற்றிவந்தது. நுட்பமான இயந்திரங்களை இயக்கும் கைகளுக்கு அது ஆகாது என்று 1970 ஜூலை 31ஆம் தேதியோடு நிறுத்தியது. அன்று மாலுமிகள் கையில் கறுப்புத் துணி கட்டித் துக்கம் கொண்டாடினார்கள். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன் படை பெர்விட்டின் மாத்திரையையும், பிரிட்டிஷ், அமெரிக்கப் படைகள் பென்செட்ரினையும் விழித்திருப்பதற்காகத் தாமே விநியோகித்தன. 1981 மே மாதம் நிமிட்ஸ் என்ற அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலின் தளத்தில் விமானம் மோதி 14 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் சிலரின் உடலில் கஞ்சாவின் தடயம் இருந்தது. அதற்குப் பிறகுதான் அமெரிக்கக் கடற்படையில் போதைக்குச் சற்றும் இடமில்லை என்ற கொள்கையும், சிறுநீர்ச் சோதனையும் இறுகின. புகையிலைக்கும் இதே வரலாறு உண்டு. அமெரிக்கப் படையின் சாப்பாட்டுப் பொட்டலத்தில் சிகரெட் 1975 வரை இருந்தது. ஸ்பென்சர் நிறுவனத்தின் சுருட்டுத் தொழிற்சாலை இருந்த திண்டுக்கல்லுக்கு, வெள்ளைக்கார மெஸ்களின் புகைப் பழக்கம் எத்தனை குடும்பங்களுக்குச் சோறு போட்டது என்பது நன்றாகத் தெரியும்.

இவை எல்லாவற்றிலும் திண்டுக்கல் வாசகர் நிதானமாக யோசிக்க வேண்டியது வியட்நாம் கதை. 1971இல் அங்கிருந்து திரும்பும் அமெரிக்கச் சிப்பாய்களில் ஏராளமானோர் ஹெராயினுக்கு அடிமை என்று தெரிந்து அந்த நாடே அதிர்ந்தது. லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் அவர்களைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தார். ஐந்தில் ஒருவர் வியட்நாமில் அடிமையாகியிருந்தார். ஊர் திரும்பிய முதல் ஆண்டில் அவர்களில் மீண்டும் அடிமையானவர்கள் சுமார் 5 சதவீதம்தான். மூன்று ஆண்டு கழித்துப் பார்த்தபோதும் 12 சதவீதம். போர்முனை, மலிவான சரக்கு, கூட்டாளிகள், பயம் எல்லாமே பின்னால் போய்விட்டன. ஊரில் அது எளிதாகக் கிடைக்கவும் இல்லை. பெரும்பாலோர் விட்டுவிட்டார்கள்.

நம் ஊர் ஏற்பாட்டை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நெஞ்சு கனக்கிறது. இங்கே போர்முனை பின்தங்கிவிடுகிறது. கூட்டாளிகள் பிரிந்துவிடுகிறார்கள். விடியற்காலை விசில் நின்றுவிடுகிறது. சரக்கு மட்டும் சலுகை விலையில், மாதம் தவறாமல் கூடவே வருகிறது.

ஊர் திரும்பிய பிறகு

ராணுவ ஓய்வு, வாத்தியார் ஓய்வு மாதிரி இல்லை. சிப்பாய் ஊர் திரும்பும்போது பிள்ளைகள் பள்ளியில் இருக்கும். வாட்ச்மேன் வேலையோ வங்கிக் காவலர் வேலையோ கிடைக்கும்வரை பகல் நீளம். பதினைந்து, இருபது ஆண்டு குடும்பத்தைத் தனியாக நடத்திய மனைவிக்கும், லீவு விருந்தாளியாகவே வந்துபோன கணவனுக்கும் இனிமேல்தான் சேர்ந்து வாழும் பழக்கம் வர வேண்டும். மாலை ஆறு மணிக்கு முகாமில் இருந்த பெக்குக்கு ஒரு அளவு இருந்தது. வீட்டில் அது மதியத்துக்கு நகர்வதை முதலில் கவனிப்பவர் மனைவி. மாதக் கோட்டா தீர்ந்த பிறகு டாஸ்மாக். ஓய்வூதியம் வரும் வீடு என்பதால் கடன் கொடுக்கவும் ஆள் உண்டு. "மிலிட்டரிக்காரர் அப்படித்தான் இருப்பார்" என்று ஊர் சிரித்துக் கடந்துவிடும். சினிமாவும் ரம் பாட்டிலும் முறுக்கு மீசையுமாகத்தான் அவரைப் பல காலம் காட்டியது. அந்தச் சிரிப்பு அந்த வீட்டுப் பெண்களுக்குச் செய்த அநியாயம் கொஞ்சமல்ல.

நோய் பெரும்பாலும் வேறு ஏதோ ஒரு வழியில்தான் வெளிப்படும். வண்டியில் விழுந்து கால் உடைந்து ஆஸ்பத்திரியில் சேர்க்கப்படுகிறார். இரண்டு நாள் பாட்டில் இல்லை. இரண்டாம், மூன்றாம் நாள் கை நடுங்குகிறது, வியர்க்கிறது, இல்லாத ஆளோடு பேசுகிறார், கட்டிலை விட்டு இறங்கி ஓடப் பார்க்கிறார். வீட்டார் பேய் என்பார்கள், மயக்க மருந்தின் கோளாறு என்பார்கள். அது குடி திடீரென நின்றதால் வந்த பிதற்றல். கவனிக்காவிட்டால் உயிரே போகும். ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போதே "தினமும் குடிப்பார்" என்ற உண்மையை டாக்டரிடம் சொல்லியிருந்தால் தடுத்திருக்கலாம். மானம் போய்விடும் என்று அந்த ஒரு வார்த்தையை வீடு மறைக்கிறது.

2019இல் வெளியான மத்திய அரசின் தேசிய ஆய்வின்படி, நாட்டில் மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. முன்னாள் படைவீரர் இந்த 38 பேரில் கொஞ்சம் கொடுத்து வைத்தவராக இருந்திருக்க வேண்டும். அவருக்கு 2003 முதல் இ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டம் இருக்கிறது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் அதே பாலிகிளினிக்கில் மாதாமாதம் மாத்திரை வாங்குகிறார். அங்கே உட்காரும் டாக்டர், கோட்டா எத்தனை நாளில் தீருகிறது என்று ஒரு கேள்வி கேட்டாலே பாதிக் கதை தெரிந்துவிடும். கேன்டீன் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு பாட்டிலும் பதிவாகிறது. கிளினிக்கில் ஒவ்வொரு மாத்திரையும் பதிவாகிறது. ஈரல் வீங்கிய ஒருவருக்கு இந்தக் கவுன்ட்டரில் மாத்திரையும் அந்தக் கவுன்ட்டரில் ரம்மும் ஒரே வாரத்தில் கிடைப்பதைத் தடுக்க எந்த ஏற்பாடும் கண்ணில் படவில்லை. அவர் விரும்பிக் கேட்டால் மதுக் கார்டை ஒப்படைத்துவிட்டு அந்தச் சலுகையை வேறு பொருளாகப் பெற வழி செய்யலாம். மனைவியின் ஒப்புதலும் சேர்ந்தால் இன்னும் நல்லது.

தமிழ்நாட்டில் இதற்கு முன்னோடிகள் இல்லாமல் இல்லை. சென்னையில் 1980இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, குடி நோயாளியோடு குடும்பத்தையும் சேர்த்து உட்காரவைத்துச் சிகிச்சை தந்தது. குடியை விட நினைப்பவர்களுக்காக ஊர் ஊராக நடக்கும் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டங்களில் பணம் வாங்குவதில்லை, முழுப் பெயர் கேட்பதில்லை. அந்த ஏ.ஏ. அமைப்பை 1935இல் தொடங்கியவர்களில் ஒருவரான பில் வில்சன், முதல் உலகப்போர்க் காலத்தில் ராணுவ அதிகாரியாக இருந்தபோதுதான் முதல் கோப்பையைக் கையில் எடுத்தவர். திண்டுக்கல்லில் இப்போது அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் பிள்ளைகளின் கல்வி உதவிக்கும் வேலைவாய்ப்புப் பதிவுக்கும் மனு வாங்குகிறது. அதே மேசையில் குடி நோய்க்கும் ஒரு படிவம் வைக்கப் பெரிய நிதி ஒதுக்கீடு தேவையில்லை.

இன்னொரு தலைமுறை வாசலில் நிற்கிறது. 2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தில் பதினேழரை வயதிலிருந்து பையன்கள் சேர்கிறார்கள். நான்கு ஆண்டு முடிந்ததும் நான்கில் ஒருவரைத்தான் படை வைத்துக்கொள்ளும். மற்றவர்கள் ஊர் திரும்பும்போது ஓய்வூதியம் கிடையாது, முன்னாள் படைவீரர் என்ற தகுதி கிடையாது, கேன்டீன் கார்டும் கிடையாது. முதல் அணி படையில் சேர்ந்தது 2022 கடைசியிலும் 2023 தொடக்கத்திலும். அவர்களுடைய நான்கு ஆண்டு 2026 கடைசியிலிருந்து நிறைவடையத் தொடங்குகிறது.

அவர்கள் வீட்டுக்குச் சலுகை ரம் வராது என்பதில் சில தாய்மார்கள் ஆறுதல் அடையலாம். ஆனால் பாட்டிலோடு சேர்த்து இ.சி.எச்.எஸ்.ஸும் கிடையாது. இருபத்திரண்டு வயதில், எல்லையில் இருந்த நினைவுகளோடும் பணி முடிவில் மொத்தமாகக் கிடைத்த சேவா நிதிப் பணத்தோடும் வேலை இல்லாமல் திரும்பும் ஒருவனுக்கு டாஸ்மாக் கதவு திறந்தே இருக்கும். ராணுவ மருத்துவமனையின் கதவு மூடியிருக்கும். அவனுக்காகப் பத்தாம் படிவத்தை நிரப்ப எந்த கமாண்டிங் ஆபீசரும் இருக்க மாட்டார். முதல் அணி பஸ் ஏறும் முன்பே, படையைவிட்டு வரும் ஒவ்வொருவருக்கும் குறைந்தது சில ஆண்டுகளுக்காவது மனநல சிகிச்சையும் மதுமீட்பு சிகிச்சையும் கிடைக்கும் என்று பாதுகாப்பு அமைச்சகமும் தமிழ்நாடு அரசும் சேர்ந்து உத்தரவிட வேண்டும். அதற்கு இருக்கும் அவகாசம் மிகக் குறைவு.